நேற்றுப் பொரித்த கோழி

ஆலை கேன்டீனில் பதினெட்டு வருடமாகக் கோழி பொரிப்பவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருபவளும் அவள்தான். ஆனால் மறுநாள் அதைச் சூடுபண்ணிப் பேர் வாங்குபவள் கொழுந்தன் பெண்டாட்டி.

"சின்னவ கை பட்டா நேத்துப் பொரிச்சதுகூட மொறுமொறுன்னு இருக்கு!" என்பார் மாமனார்.

அதைக் கேட்டதும் மூத்தவளுக்கு வயிறு எரியும். அந்த நெருப்பில் இன்னும் நாலு கோழி பொரிக்கலாம். அவள் சூடுபண்ணினால் அதே கோழி ஈரத்துணி மாதிரி தொங்கும்.

ஒரு விடுமுறை நாளில் பக்கத்திலேயே நின்று கவனித்தாள். சின்னவள் சொட்டு எண்ணெய் விடவில்லை. இரும்புக் கல்லைச் சிறுதீயில் காயவைத்து, துண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பரப்பித் திருப்பினாள். மூடி போடவே இல்லை. மூத்தவளுக்கோ கேன்டீன் ஈக்களுக்குப் பயந்து எதையும் மூடிவைத்தே பழக்கம்.

'இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பவுசு!'

போன் அடித்தது. சின்னவள் கூடத்துக்குப் போனாள். மூத்தவள் ஓசைப்படாமல் ஒரு தட்டை எடுத்துக் கல்லின் மேல் கவிழ்த்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்து, தட்டின் அடியில் கோத்திருந்த நீரைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மாமனார் ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். இன்னும் மென்றார். மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் நேராக அவளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இன்னைக்கு சூடு பண்ணினது நீயா?"