ரிவிட் இல்லாத மீன்பெட்டி

திருவொற்றியூரில் குளிர்வண்டிகளுக்குப் பெட்டி கட்டும் அந்தப் பட்டறையில் யசோதரா தரை பெருக்கத்தான் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன்பு மணலியில் ஒரு கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவள். எம்.கே.பி. நகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள்.

சேர்ந்த நான்காம் மாதம் பசை கம்பெனியிலிருந்து ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். இரண்டு மெல்லிய ஃபைபர் தகடு, நடுவே நுரைப்பலகை, இதுதான் பெட்டியின் சுவர். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஆணியும் கிடையாது, போல்ட்டும் கிடையாது, தேய்த்துத் துடைத்த இடத்தில் பூசும் வெறும் பசைதான். ஆண்கள் டீ குடிக்கப் போன நேரம் யசோதரா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"தொடச்ச எடத்துல கை பட்டா இன்னா ஆவும் சார்?"

 அவர் இரண்டு ஜோடி ஃபைபர் துண்டுகளைத் துடைத்து ஒட்டினார். ஒன்றில் மட்டும், ஒட்டுவதற்கு முன், அவளை விரலால் தடவச் சொன்னார். மறுநாள் இழுத்துப் பார்த்தார்கள். தடவியது வாழைப்பழத் தோல்போல உரிந்து வந்தது. மற்றதில் ஃபைபரே கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அன்று பிடித்த பைத்தியம்தான். இரண்டே வருடத்தில் ஒட்டும் பிரிவே அவள் கைக்கு வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தை எவனாவது வெறுங்கையால் தொட்டால் தொலைந்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களை மேஜைப் பக்கமே விடமாட்டாள். பசையை இறுக வைக்கும் ஹார்ட்னரை எந்த நேரத்தில் எவ்வளவு கலந்தாள், அன்றைக்குக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும்.

இத்தனை செய்தும் ஒரு கஷ்டம். நல்ல ஒட்டு கண்ணுக்குத் தெரியாது.

போன வருடம் காசிமேட்டிலிருந்து லியோனார்ட் தன் மீன் வண்டிக்கு ஒரு பெட்டி கேட்டிருந்தார். எடுத்துப் போக வந்தவர் பெட்டியை இரண்டு சுற்று சுற்றித் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒரு ரிவிட்டுகூடக் காணோம்? ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா புட்டுக்காது?"

"புட்டுக்காதுண்ணா. பசை போட்டுக் கீது."

"பசையா? இன்னா, நோட்டுக்கு அட்டையா ஒட்டிக்கிறே?"

முதலாளி தங்கப்பாண்டி யசோதராவைத் தனியே கூப்பிட்டார். தெற்கிலிருந்து வந்து தொழில் நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் தாங்கமாட்டார்.

"ஏம்மா, சுத்தி ரிவிட் அடிச்சுக் குடுத்துருவோம்."

"வேணாம் அண்ணாச்சி. ஓட்டை போட்டா உள்ள கீற நாரு அறுந்துடும். வண்டி கழுவுற தண்ணி அது வழியா உள்ள பூந்து நுரைப்பலகையை ஊறவெச்சிரும்."

"நீ சொல்லுதது சரிதான். ஆனா அவரு கேக்காருல்லா? நான் அவருக்குப் பாடமா நடத்த முடியும்?"

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள் போட்டு ரிவிட் ஆணிகளை அடித்து இறுக்கினார்கள். டிரில் சத்தம் காதில் விழக்கூடாது என்று அவள் வாசலில் லாரிகளுக்கு நடுவே போய் நின்றாள். வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தபோது கணவன் பீம்ராவ், "உடும்மே, கம்பெனி என்னா உன்துதா?" என்றான். 

ஐந்து மாதத்தில் பெட்டி திரும்பி வந்தது. குளிர் நிற்கவில்லை, வண்டி கனக்கிறது என்று புகார். லியோனார்ட் கேட்டிலேயே கத்தினார்.

"பசைய போட்டு ஏமாத்திட்டியேம்மா!"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தங்கப்பாண்டி மெல்லத் திரும்பி, "ஹார்ட்னர் குறைச்சலாக் கலந்துட்டியோ?" என்றாரே, அதுதான் அவளைச் சுட்டது. நோட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள்.  கட்டரை எடுத்து இருவர் முன்னாலும் பெட்டியின் ஒரு மூலையை அறுத்தாள்.

மீன் நாற்றத்தோடு தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு ரிவிட்டைச் சுற்றியும் கறுப்பு வளையம். பசை போட்ட இடத்தில் உளி வைத்து அடித்தாள். ஃபைபர் பிளந்தது, ஒட்டு அசையவில்லை.

"இப்ப சொல்லுங்க. புட்டுக்கினது பசையா, உங்க ரிவிட்டா?"

லியோனார்ட் விரலை அந்தக் கறுப்பு ஓட்டையில் விட்டுப் பார்த்தார்.  பிறகு, "நீ சொன்னதுதாம்மா கரெக்டு" என்றார். யசோதராவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஆனா ஹார்பர்ல நாலு பேரு பாப்பான்ல? மொட்டையா நின்னா நல்லா இருக்காது. சும்மா ரிவிட்டுத் தலைய மட்டும் ஒட்டிக் குடேன்."

"வெளயாட்றீங்களாண்ணா?"

அவர் விளையாடவில்லை. தங்கப்பாண்டிக்கோ வழி கிடைத்த சந்தோஷம். ஊறிய சுவர்களைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள். பிறகு அலுமினிய ரிவிட் தலைகளை வெட்டி வாங்கி, எரிச்சலில் பல்லைக் கடித்தபடி, ஒவ்வொன்றையும் தேய்த்து, துடைத்து, ஓரம் பிசகாமல் ஒட்டினாள். இரண்டு நாள் பிடித்தது. எப்படியோ ஒட்டிவிட்டுப் போகலாம்தான். அது அவளால் முடியவில்லை.

பெட்டி இன்றுவரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பொங்கல் முடிந்து தங்கப்பாண்டி சிரித்துக்கொண்டே போனை அவளிடம் நீட்டினார். ஹார்பரில் இன்னும் மூன்று பேருக்குப் பெட்டி வேண்டுமாம்.

"லியோனார்ட் வண்டில கீற மாறியே ஸ்ட்ராங்கா ரிவிட் அடிச்சுக் குடும்மா" என்றது மறுமுனைக் குரல்.

யசோதரா போனைத் தங்கப்பாண்டியிடமே கொடுத்துவிட்டு, மேஜையைத் துடைக்கத் துணி எடுத்தாள்.