ஆமைக்குக் கட்டிய சுவர்

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஓர் ஆமைக்காக என் அம்மாவோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். பேசாமல் என்றால் நிஜமாகவே பேசாமல். பசித்தால் தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பேன். பள்ளிக்கூட நோட்டில் கையெழுத்து வேண்டுமென்றால் நோட்டை அவள் மடியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு கோபத்துக்கு ஒரு பத்து வயது உடம்பில் எங்கே இடமிருந்தது என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

அப்போது காத்திவாக்கத்தில் இருந்தோம். அப்பா வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் ஃபிட்டர். ஒருநாள் சாயங்காலம் அவர் தன் மஞ்சள் ஹெல்மெட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே சாம்பல் படிந்த ஒரு கல் இருந்தது. குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் கல்லின் முதுகில் மஞ்சள் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு ஒரு தலை எட்டிப் பார்த்தது. லாரி போகிற ரோட்டின் நடுவில் நடந்துகொண்டிருந்ததாம். இப்படிப்பட்ட ஆமையை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் யாரும் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் கவலை வேறு.

ஆமை நுழைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள். அம்மா நம்பினாளா தெரியாது. அத்தை நம்பினாள். அப்பாவின் அக்கா அவள், பக்கத்து வீடு, பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துண்டுக் காலி இடம். அம்மா வாசற்படியில் நின்று வழியை மறித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: “வூட்டுக்குள்ள வரக்கூடாது. வெளிய இன்னா வேணா பண்ணிக்கோங்க.”

எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆமைக்கு வீடு கட்டினோம். அப்பாவுக்கு எதையும் சுமாராகச் செய்யத் தெரியாது. கயிறு கட்டிக் கோடு போட்டார். ஆமை மண்ணைத் தோண்டும் என்று சொல்லி, அனல்மின் சாம்பலில் செய்த கல்லில் முதல் வரிசையைத் தரைக்குள் புதைத்தார். அதற்கு மேல் இரண்டு வரிசை. ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், ஏதோ பெரிய பாய்லரை நிறுத்துவதுபோல. உடைந்த நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது படுக்கையறை. மண்சட்டி மூடி தண்ணீர்த் தொட்டி. காக்கையும் நாயும் வராமலிருக்க, கிழிந்த மீன்வலை ஒன்றை மேலே இழுத்துக் கட்டினோம். நான் மணல் சுமந்தேன், கல் எடுத்துக் கொடுத்தேன், உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, இங்கே கோணல், அங்கே இடைவெளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை. அந்த வாரமெல்லாம் தண்ணீர்க் குடத்தைக்கூட அப்பாதான் தூக்கினார். சோம்பேறி அம்மா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு மாதம் போல ஆமை அங்கே இருந்தது. காலையில் எழுந்ததும் அதன் முதுகில் விழுந்திருக்கும் சாம்பலை ஈரத்துணியால் துடைப்பேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டு ஒரு பிடியைச் சுவருக்கு மேல் வீசுவாள். நான் பார்த்துவிட்டால், வீணாகப் போகிறதே என்று போட்டேன் என்பாள். அத்தைக்கு மட்டும் நாள் தவறாமல் ஒரு புகார். அவளுக்கு இருமல் வந்ததும், அவள் வீட்டு மிக்ஸி எரிந்ததும் ஆமையால்தான். அப்பா சிரிப்பார். “அது பாட்டுக்கு மூலைல குந்திகினு கீதுக்கா. உன்ன இன்னா பண்ணிச்சி?” என்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

ஒருநாள் விடியற்காலையில் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வயிற்றுவலி என்றார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் நான் அத்தை வீட்டில் சாப்பிட்டேன். அவள் என் தலையை மண்டை வலிக்கும்படி இழுத்து வாரிப் பின்னினாள். பின்பக்கம் போகக்கூடாது என்றாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் போய் ஆமைக்குக் கீரை போட்டேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. அம்மா வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தை முதலில் ஆமையிடம் சொல்லலாம் என்று பின்பக்கம் ஓடினேன். சுவர் இல்லை. சாம்பல் கற்கள் கடையில் அடுக்குவதுபோல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. வலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதைத்த கல்லைத் தோண்டிய பள்ளத்தைக்கூட மூடித் தரையைச் சமன் செய்திருந்தார்கள். அத்தை அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆமை எங்கே என்று கேட்டேன்.

“தொலஞ்சிது சனியன். எல்லாம் உங்கம்மாவுக்காகத்தான்” என்றாள்.

அம்மாவுக்காக என்று அவள் சொன்னது, அம்மாதான் காரணம் என்று என் காதில் விழுந்தது.

அம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயிற்றில் பழைய புடவைத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆமையை என்ன செய்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவள் திரும்பவில்லை.

“ஒரே ஒரு உசுரு. அதக்கூட ஒன்னால வெச்சிக் காப்பாத்த முடில” என்றேன்.

பின்னாலிருந்து அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அவர் அதற்கு முன்னால் என்னை அடித்ததில்லை, பின்னாலும் இல்லை. அம்மா அப்போதுதான் திரும்பினாள்.

“பாப்பாவ அடிக்காதயா. அதுக்கு இன்னா தெரியும்” என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லாததுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. வெளியே போய் அந்தக் கல் அடுக்கை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் எப்படியோ பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சேர்க்கும்போது நான் கூட இருந்தேன். எத்தனை பிரசவம் என்று டாக்டர் கேட்டார். நான் ஒரே பெண். ஒன்று என்று நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “ரெண்டும்மா. ஒண்ணு தங்கல. நாலு மாசம். இவ அஞ்சாவது படிக்கசொல்ல.”

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவிடம் மீதியைக் கேட்டேன். அந்த மூன்று நாளில் அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, ஆமைதான் பிள்ளையை முழுங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார். மறுநாள் சுவரைப் பிரித்துவிட்டு, ஆமையை எடுத்த அதே ரோட்டின் ஓரத்துப் புதரில் விட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் எடுக்கச் சொல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

அத்தை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். விசேஷங்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தடவுகிறாள், அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது. அப்பா மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது. ஆமையால் கெடுதல் என்பதை நம்பாதவர் அவர். நம்பிய அத்தையைவிட, நம்பாமலே சுவரைப் பிரித்த அவரை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இவர்கள் யாரும் பிள்ளையை இழந்து பாயில் கிடந்தவளின் பக்கத்தில் நின்று, ஓர் உசுரைக்கூட உன்னால் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

அன்றைக்கு அவள் பதில் பேசாததை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். கன்னம் எரிந்தபோதும் உள்ளே எனக்கு ஒரு திருப்தி இருந்தது, சரியான இடம் பார்த்து அடித்துவிட்டேன் என்று. அது எந்த இடம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.