நடுவழியில் நிற்காத கார்

சாவியைத் திருப்பியதும், என்ஜின் இயங்குவதற்கு முன்னரே, எங்கள் காரின் முன்மூடிக்குள் டிக்டிக் என்றோர் ஓசை எழும். பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துக் காபரேற்றருக்கு அனுப்பும் மின்பம்பியின் ஓசை அது. காபரேற்றரின் கிண்ணம் நிரம்பும்வரை விரைந்து அடிக்கும். நிரம்பியதும் தளர்ந்து ஓயும். அது ஓய்ந்த பின்னரே நான் என்ஜினை உசுப்புவேன். அந்தச் சிறிய இடைவெளியில் என் மனைவி சேலைத் தலைப்பை உள்ளிழுத்துக்கொண்டு தன் பக்கத்துக் கதவைச் சாத்துவாள். எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் பயணங்கள் இப்படித்தான் தொடங்கின.

ஒரு கோடைக்கால நண்பகலில், சாவகச்சேரியிலுள்ள அவளுடைய தம்பி வீட்டிலிருந்து திரும்பும் வழியில், நாவற்குழிப் பாலத்தின்மேல் கார் இருமி இழுத்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன். ஓசை எழவில்லை. இருபுறமும் கடல்நீர் பரந்த கடனீரேரி, மருந்துக்கும் நிழல் இல்லை. அவள் முழங்கால் தேய்ந்தவள். பேருந்தின் படியில் ஏற அவளால் இயலாது.

பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்கு மட்டும் சிறிது பெற்றோலை ஒரு போத்தலிலிருந்து நேராகக் காபரேற்றருக்குள் விடுவோம். அந்தப் போத்தலையும் இறப்பர்க் குழாயையும், ஒரு கலனில் கொஞ்சம் பெற்றோலையும், நான் பின்பெட்டியிலிருந்து ஒருநாளும் இறக்கியதில்லை. குழாயைக் காபரேற்றரில் பொருத்தி, முன்மூடியின் இடுக்கு வழியே வெளியே எடுத்து, போத்தலை அவளிடம் கொடுத்தேன். அவள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நோயாளிக்குச் சேலைன் போத்தல் பிடிப்பவளைப்போல் அதை உயர்த்திப் பிடித்தாள். என்ஜின் ஒரு குறையுமின்றி முழங்கிற்று. ஆகவே பழுது என்ஜினில் இல்லை. பெற்றோலை ஏற்றித்தரும் பம்பியில் என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அவள் போத்தலைப் பிடித்தபடியிருக்க, வீட்டை நோக்கி ஓட்டினேன்.

"இஞ்சாருங்கோ, கை உளையுது."

"கொஞ்சம் பொறும். கைதடி வெளி தாண்டினால்..."

"கைதடி பின்னாலை போட்டுது. சண்டை முடிஞ்சு இவ்வளவு காலம். உங்கடை போத்தில் மட்டும் இன்னும் முடியேல்லை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் மகள் கனடாவில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பயண அனுமதி வந்து மாதங்கள் ஆகியிருந்தன. பேரப்பிள்ளையை அவள் கைபேசித் திரையில் மட்டுமே கண்டிருந்தாள். நான் போக மறுத்துவந்தேன். இங்கே நமக்கு என்ன குறை, கார் இருக்கிறது, நினைத்த இடத்துக்குப் போய்வருகிறோம் என்பதே ஒவ்வொரு முறையும் என் விடையாக இருந்தது.

"கார் இருக்கு, கார் இருக்கு எண்டுறியள்," என்றாள், கையை மாற்றிக்கொண்டு. "இது இனியொருக்கால் நடுவழியிலை நிண்டால் நாங்கள் பிள்ளையிட்டைப் போறம். நிக்காட்டி நான் வாய் திறக்கமாட்டன். சரியோ?"

"ஓம்," என்றேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் கார் திருத்தும் கராச் வைத்திருப்பவர், பெற்றோலில்தான் அழுக்கு என்று முதலில் சாதித்தார். தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு தேக்கரண்டித் துரு விழுந்தது. பின்னர் என் சொல்லுக்கு இணங்கிப் பம்பியைத் திறந்தார். உள்ளே மின் தொடுமுனைகள் கருகியிருந்தன. அவற்றை அரத்தாளால் தேய்த்துப் பூட்டியதும் ஓசை மீண்டது. நான் மகிழ்ந்தேன். ஆனால் சில நாள்களில், கோயிலுக்குப் புறப்பட்டு வாயிற்கதவைத் தாண்டுமுன்னரே, கார் மறுபடியும் நின்றது.

"நிண்டுபோச்சு," என்றாள் அவள். குரலில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"வீட்டு முத்தத்திலை நிண்டது நடுவழியோ?"

"பள்ளிக்கூடத்திலை படிப்பிச்ச வாய்," என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

கராச்காரர் வந்து, திருப்புளியின் பிடியால் பம்பியை மெல்லத் தட்டினார். டிக், டிக் என்றது, அடங்கிற்று. மீண்டும் தட்டினார். ஒரே ஒரு டிக். திறந்து பார்த்தபோது, பெற்றோலை உறிஞ்சும் இறப்பர்த் தகடு காய்ந்து வெடித்திருந்தது.

"இனி உதிலை மினக்கெட்டுப் பிரயோசனம் இல்லை, மாஸ்டர். மாத்தத்தான் வேணும்."

இத்தகைய காருக்குப் புதிய பம்பி எந்தக் கடையிலும் இல்லை. கொழும்புத்துறையில் ஒரு வீட்டார் வெளிநாடு போனபோது இதே வகைக் காரைக் கொட்டிலில் விட்டுச்சென்றிருப்பதாக அவர் சொன்னார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் கேட்டு, அதன் பம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"முழுக் குடும்பமும் போட்டுது, மாஸ்டர். உதுக்கு மட்டும் விசா கிடைக்கேல்லை."

அன்று கராச்சுக்கு அவளும் வந்திருந்தாள். பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்து, பழைய பம்பி கழன்று வருவதையும் மற்றது அவ்விடத்தில் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், ஒரு மின்கம்பி; வேலை பெரிதன்று. கம்பியின் நுனியை ஒரு சிறிய திருகாணியில் சுற்றி முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஓசை எழுந்தது; விரைந்தது; தளர்ந்தது; ஓய்ந்தது. குறையொன்றுமில்லை.

"தம்பி, உது எவ்வளவு காலத்துக்கு ஓடும்?" என்று அவள் கேட்டாள்.

"நீங்கள் ரெண்டுபேரும் இருக்குமட்டும் ஓடும், அக்கா. பயப்பிடாதேங்கோ."

"நல்லது," என்று சொல்லித் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவகச்சேரிக்குப் போனோம். கார் எங்கும் தயங்கவில்லை. திரும்பும்போது நாவற்குழிப் பாலத்தருகே, "நிப்பாட்டுங்கோ," என்றாள். ஓரங்கட்டினேன். கடனீரேரியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"நிக்குமெண்டு இருந்தனான். பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்தனான்."

"கார் நிக்கவோ?"

"ஓம். நிண்டிருந்தால் ரெண்டுபேரும் போயிருப்பம். நிக்கேல்லை. நான் தனியப் போறன்."

"நிக்காட்டி வாய் திறக்கமாட்டன் எண்டனீர்."

"எண்டனான்தான்."

"அங்கை போய் நான் ஆரோடை கதைக்கிறது?"

"இஞ்சை ஆரோடை கதைக்கிறியள்?"

எங்கள் ஒழுங்கையின் வீடுகளை மனத்துக்குள் ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பூட்டியவை, வாடகைக்கு விட்டவை, நாய் மட்டும் குரைப்பவை. கதைக்க ஒருவரும் இல்லை. இருந்தும், நானும் வாறன் என்று சொல்ல என் நா எழவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பின்னர், "எடுங்கோ," என்றாள். சாவியைத் திருப்பினேன். டிக்டிக் என்றது.

அவள் போகும் நாளில், தம்பி சாவகச்சேரியிலிருந்து தன் வான் வண்டியில் அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிச்செல்வதாக ஏற்பாடு. சாவகச்சேரிவரை கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. காலையில் முன்மூடியைத் திறந்து, திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு பம்பியின் முன் நின்றேன். அந்தச் சிறிய திருகாணியை அரைச்சுற்றுத் தளர்த்தினால் போதும். எங்கோ ஒரு குழியில் கம்பி கழன்றுவிடும். நடுவழியில் நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்று நான் அதற்குமேல் எண்ணிப் பார்க்கவில்லை. நிற்க வேண்டும் என்பது மட்டுமே என்னிடம் எஞ்சியிருந்தது.

அவள் கைப்பையுடன் வெளியே வந்தாள்.

"என்ன, பிழையோ?"

"இல்லை. எண்ணெய் பாத்தனான்."

திருப்புளியைப் பார்த்தாள். காரின் பின்கதவைத் திறந்தாள். பின்னிருக்கையில் அந்தப் போத்தல் நிமிர்ந்து நின்றது. வாய்வரை பெற்றோல் நிரப்பி, விழாதபடி இருபுறமும் துணி அண்டையிட்டு, குழாயைச் சுருட்டிக் கழுத்தில் கட்டியிருந்தாள்.

"வழியிலை நிண்டாலும் எண்டு எடுத்து வச்சனான்," என்றாள். "நான் பிடிப்பன்."

முன்மூடியைச் சாத்தினேன்.

கார் நிற்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அது அப்போதும் சீராகவே ஓடிற்று. அவள் சன்னலுக்கு வெளியே கையை வைத்திருந்தாள், வெறுமனே. சாவகச்சேரியில் தம்பி பெட்டிகளை மாற்றி ஏற்றினார். வானின் படி உயரமாக இருந்ததால் நான் அவளுடைய முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டேன். "மருந்தை மறவாதேங்கோ," என்றாள். வான் சந்தையைத் தாண்டித் தெற்கே திரும்பியது.

காருக்குள் வந்து அமர்ந்து சாவியைத் திருப்பினேன். கிண்ணம் நிரம்பி ஓசை ஓய்ந்தது. பக்கத்துக் கதவு சாத்தப்படும்வரை காத்திருந்தேன். அது ஏற்கெனவே சாத்தியிருந்தது. என்ஜின் முதல் முயற்சியிலேயே உயிர்கொண்டது. வீடுவரை ஓரிடத்திலும் நிற்கவில்லை. போத்தல் இன்னமும் பின்னிருக்கையில் இருக்கிறது. பெற்றோல் ஆவியாகிக் குறைந்துகொண்டு வருகிறது. நான் அதை இறக்கவில்லை.