இதய ஆபரேஷனுக்குப் போகும் வழியில் வாலாஜாபாத்தில் இறங்கிவிட்டேன்

இதுவரை இங்கே கோட்டைகளையும் அருவிகளையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு, சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். போனது இந்த ஜனவரியில்.

எனக்கு வயது முப்பத்தாறு. பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுவது தொழில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வருடக்கணக்கில் ஆஸ்துமா என்றே நினைத்திருந்தோம். எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது, இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே பிறந்ததிலிருந்தே ஓட்டை. அது இருந்த இடத்தில் தொடை வழியாகக் குழாய் விட்டு மூட முடியாதாம். நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும்.

புதன்கிழமை காலை 7.05 ரயில், டிக்கெட் 25 ரூபாய். துணைக்குத் தங்கை நஸ்ரின். அக்காவான என்னை ஆபா என்றுதான் கூப்பிடுவாள். என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் மாறினேன், வாசலுக்குப் போனேன், ஃபைலைத் திறந்து மூடினேன். "ஆபா, ஒரு இடத்துல உக்காரு" என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். வாலாஜாபாத்தில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. நஸ்ரின் பையோடு குதித்து வரவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது.

வெளியே ஷேர் ஆட்டோ. "காஞ்சிபுரமா? ஏறும்மா, ரெண்டு பேர் வந்துக்கினு இருக்காங்க, எடுத்துடலாம்" என்றார் டிரைவர். ஏறிவிட்டேன். நஸ்ரின் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போனை என் மடியில் வைத்தாள். "வீட்டுக்கே போலாம். ஆனா வரலைன்னு நீயே சொல்லிடு."

ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். வார்டு நர்ஸ் எடுத்தார். பெயரைச் சொன்னேன். மறுபடியும் பெயரையே சொன்னேன்.

"பயமா இருக்குதாம்மா?"

"ஆமா சிஸ்டர்."

"சரி, இங்க வந்து பயப்படுங்க. ரெண்டு மணி வரைக்கும் உங்க பெட்டை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

போனை வைத்தபோது டிரைவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாம்பரம் பஸ்ஸு அந்தாண்ட நிக்கும்மா. ஓடாத, மெதுவா போ."

ஒரகடம் வழியாகத் தாம்பரத்துக்கு ஒன்றரை மணி நேரம். இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் போனேன். அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி ஆஸ்பத்திரியில் நுழையும்போது 10.50.

வெள்ளிக்கிழமை ஓட்டையை மூடினார்கள். நல்லபடியாக முடிந்தது. பிறவிக் கோளாறு என்பதால் எனக்குப் படுக்கை குழந்தைகள் வார்டை ஒட்டி. ஐந்தாம் நாள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வழிமறித்தாள். பெயர் தேவி, எங்கள் பக்கம் வாலாஜாபாத்தை அடுத்த ஐயம்பேட்டை. எட்டு மாதப் பையனுக்கு மறுநாள் காலை ஆபரேஷன்.

"அக்கா, ரொம்ப வலிக்குமா? அவனுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

அந்த வார்டில் வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ரெண்டு மூணு நாள் வலிக்கும்மா. இருமினா ரொம்ப. மருந்து குடுத்துக்கினேதான் இருப்பாங்க. எனக்கு வலியை விட தாகம்தான் தாங்கல. மயக்கம் தெளியறப்ப கண்ணு திறக்க வரல, ஆனா காது கேட்டுது. என் தங்கச்சி தக்காளி விலை பத்திப் பேசிக்கினு இருந்தா. அதைப் புடிச்சிக்கினே கிடந்தேன்."

அவள் அழவில்லை. "என்ன வேணா பேசலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரியவர்களுக்கும் பிறவி இதயக் கோளாறு பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். சென்னைக்கு நேர் ரயில் குறைவு, நேரத்தை முந்தின நாளே பாருங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வேண்டும், கை தூக்க முடியாது. திரும்பும்போது காரில் நெஞ்சோடு அணைக்க ஒரு தலையணை. வழியில் இறங்கிவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

மறுநாள் பையனுக்கு ஆபரேஷன் முடிந்து, மாலையில் தேவியைப் பத்து நிமிடம் ஐ.சி.யூவுக்குள் விட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். குழாய்களுக்கு நடுவே குனிந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

"ஒண்ணும் தோணலக்கா. தாம்பரத்துலேர்ந்து எங்க வீடு வரைக்கும் பஸ் நிக்கிற ஊரையெல்லாம் வரிசையா சொன்னேன். ஐயம்பேட்டைன்னு சொன்னப்ப என் விரலைப் புடிச்சான்."