பூமாலை கொண்டுபோன ஜாதகம்

திண்டிவனம் வழியாகப் போகிறோம் என்று மகள் சொன்னபோதே பூமாலைக்கு விளங்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் பாண்டி ரோட்டில் போனால் ஒரு மணி நேரம். அதை விட்டுவிட்டு வடக்கே திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணம் போய், கடலோரமாக மறுபடி தெற்கே இறங்கி வருவானேன்?

"அந்தப் பக்கம் போனாதாம்மா வழியெல்லாம் பழம் கிடைக்கும்" என்றாள் ஆர்த்தி, போனில். "நுங்கு, தர்பூசணி, பலாப்பழம் எல்லாம் சாப்புட்டுக்கினு, ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா இருந்துட்டு வரலாம். அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்கோ."

"பலாப்பழம் சாப்புட எதுக்குடி பச்சைப் புடவை? பிசின் பட்டா போவுமா?"

"கட்டிக்கோன்னா கட்டிக்கோயேன்."

பூமாலைக்கு நாற்பத்தெட்டு வயது. விழுப்புரத்தை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமையல் செய்கிறாள். புருஷன் மாரியப்பன் கொத்தனார். பதினான்கு வருடத்துக்கு முன், வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனார். ஆர்த்திக்கு அப்போது பன்னிரண்டு வயது, ரஞ்சித்துக்குப் பத்து. பூமாலை முதலில் கரும்பு வெட்டப் போனாள், நாற்று நட்டாள், பிறகு இந்தச் சமையல் வேலை வந்தது. ஆர்த்தி நர்ஸ் படித்து, பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வல்லரசு என்கிற டிரைவரைக் கட்டிக்கொண்டாள். ரஞ்சித் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். இத்தனை வருடத்தில் குடும்பமாக எங்கேயாவது போனது என்றால், இரண்டு முறை மயிலம் கோயிலுக்கு. அதுவும் பஸ்ஸில்.

அதனால் அவள் யோசித்தாள். லீவே போடாத ரஞ்சித் லீவு போட்டிருக்கிறான். மகள் புடவை பற்றிப் பேசுகிறாள். இது ரஞ்சித்துக்குப் பெண் பார்க்கிற பயணம். முன்கூட்டிச் சொன்னால் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று மறைக்கிறார்கள். இப்படி முடிவு செய்ததும் மனசு லேசாயிற்று. கம்ப்யூட்டரில் போட்டு வாங்கிய ரஞ்சித்தின் ஜாதகத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

காலையில் வல்லரசு தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன் கதவைத் திறந்துவிட்டான். "முன்னாடி உக்காருங்க, அத்தை."

முன் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தடவினாள். திரும்பிப் பார்த்தால், பின்னால் ரஞ்சித் அரைக்கால் டவுசரும் பனியனுமாக உட்கார்ந்து காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போகிறவன் இப்படியா வருவான்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை இருக்கிறாரே என்று மூடிக்கொண்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் நுங்கு. பனைமரத்து நிழலில் ஒருவர் சீவிச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் என்று இறங்கியவர்கள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்கள். ரஞ்சித் கட்டைவிரலை விட்டுக் குத்தியதில் நுங்குத் தண்ணீர் அவன் கண்ணிலேயே பீய்ச்சியடித்தது. வல்லரசு தோல் உரித்த இளநுங்கை ஓலையில் வைத்து மாமியாரிடம் நீட்டினான். எல்லோரும் சாப்பிட்டார்களா என்று அவள் வழக்கப்படி எண்ணிப் பார்க்கப் போக, "நீ சாப்புடும்மா, எங்களுக்குக் கை இல்லையா?" என்றாள் ஆர்த்தி. பூமாலை உட்கார்ந்து ஏழு சுளை சாப்பிட்டாள். வயிறு குளிர்ந்தது. இப்படி அடிக்கடி வந்தால் என்ன என்று தோன்றியது.

அப்போது ஆர்த்திக்குப் போன் வந்தது. அவள் சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினாலும் காதில் விழுந்தது. "வந்துக்கினு இருக்கோம். அம்மாகிட்டயா? சொல்லிட்டேன், சொல்லிட்டேன்."

என்ன சொன்னாள்? பூமாலை நினைவைத் துழாவினாள். பச்சைப் புடவையைத் தவிர அவள் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு மனிதர் சாக்குப்பையை அணைத்தபடி நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாக்குக்குள் முழுப் பலாப்பழம். கார் நின்றதும் வாசனைதான் முதலில் உள்ளே வந்தது.

"இவங்க அப்பாதுரை சார்மா. இங்க மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வச்சிருக்காங்க" என்றாள் ஆர்த்தி. மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை.

பூமாலை கைகூப்பினாள். அவரும் கூப்பினார். பழத்தை வைத்துக்கொண்டு முழுசாகக் கூப்ப முடியவில்லை. பெண்ணோட அப்பா இவர்தான் என்று அவள் முடிவு செய்தாள். அப்படியானால் பெண் எங்கே? கடற்கரையில் தாயாரோடு காத்திருக்கும். இப்போதெல்லாம் வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை, பொது இடத்தில்தான் பார்க்கிறார்கள் என்று சத்துணவுக் கூடத்தில் உடன் வேலை செய்யும் தையல்நாயகி சொன்னது சரிதான்.

அவருக்கு முன் சீட்டைக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் வந்தாள். சம்பந்தியாகப் போகிறவரிடம் முறையாக இருக்க வேண்டுமே. மரக்காணம் ரோட்டில் திரும்பியதும் கேட்டாள். "அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?"

ஆர்த்திக்குப் புரையேறியது. வல்லரசு கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். அப்பாதுரை மெதுவாக, "வேணாங்க" என்றார். அவர் கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுகர் இருக்குமோ என்று பூமாலை கவலைப்பட்டாள்.

வழியில் தர்பூசணி மலை மலையாகக் குவிந்திருந்தது. அப்பாதுரை இறங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பெரிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வெட்டினால் உள்ளே வெளிறிப் போயிருந்தது. அவர் முகமும் அப்படித்தான் ஆனது. "எனக்குப் பழம் பாக்கத் தெரியாதுங்க. மோட்டார்னா சத்தத்தக் கேட்டுச் சொல்லிருவேன்" என்றார். பூமாலை சிரித்துவிட்டாள். பிறகு அவளே போய், தரையில் கிடந்த பக்கம் நன்றாக மஞ்சளாய் இருந்த ஒரு பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். சிவப்பாக இருந்தது. வெளிறிய பழத்தையும் வீணாக்காமல் அவர் ஒருவரே சாப்பிட்டார். தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷன், இந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

பொம்மையார்பாளையத்தில் சவுக்கு நிழலில் பாய் விரித்தார்கள். பெண்ணையும் காணோம், தாயாரையும் காணோம். படகுகள் மட்டும் வரிசையாகக் கரையேறிக் கிடந்தன. வருவார்கள் என்று பூமாலை வழியைப் பார்த்தபடி பலாப்பழத்தை அறுக்க உட்கார்ந்தாள். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டாள். அப்பாதுரை பழத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் பிளந்து, சுளை எடுத்து, கொட்டையைத் தள்ளினாள். அவர் கொட்டைகளைச் செய்தித்தாளில் சேர்த்து வைத்தார். "சாம்பாருக்கு ஆவுங்களே" என்றார். ஆளுக்கு நாலு சுளை எடுத்துக்கொண்டு, கால் நனைக்கிறோம் என்று ஆர்த்தியும் வல்லரசும் ரஞ்சித்தும் கடல் பக்கம் போனார்கள். போகிற போக்கில் ஆர்த்தி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

நல்ல சமயம் என்று பூமாலை நினைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள்.

"அண்ணே, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஜாதகம் எடுத்தாந்திருக்கேன். உங்களுக்கு அதுல நம்பிக்கை உண்டுங்களா?"

அப்பாதுரை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எனக்குப் பெருசா இல்லீங்க. ஆனா நீங்க பாக்கணும்னா பாத்துக்கலாம்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ரெண்டாயிரத்தி ஒண்ணுல பொறந்ததுன்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமா. இருவத்திநாலு நடக்குது."

"யாருக்குங்க?"

"எம் பையனுக்குத்தான். பின்ன யாருக்கு? உங்க பொண்ணுக்கு எத்தினி வயசு?"

"இருவத்தேழுங்க."

மூன்று வயது மூத்த பெண். பூமாலை அதை ஒரு பெருமூச்சோடு விழுங்கினாள். "பொண்ணு எப்ப வருது?"

"கலைப்பிரியா வரலீங்க. செங்கல்பட்டுல மாமியார் வீட்டுல இருக்குது. பேரனுக்கு அம்மை போட்டிருக்குது."

"கலியாணம் ஆன பொண்ணா?"

"மூணு வருசம் ஆவுதுங்க."

அப்பாதுரை கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பொண்ணு உங்ககிட்ட என்னன்னு சொல்லிச்சுங்க?"

"பலாப்பழம் சாப்புடப் போறோம்னு சொல்லிச்சு."

அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவர் மனைவி இறந்து ஆறு வருடம். அவர் பெண் கலைப்பிரியாவும் ஆர்த்தியும் பாண்டி ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இருவரும் பேசி வைத்துத்தான் பூமாலைக்கும் அவருக்குமான இந்தக் கல்யாணப் பேச்சைத் தொடங்கினார்கள். "அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அவங்களும் ஒருவாட்டி நேர்ல பாக்கணும்னு சொல்றாங்கன்னு உங்க பொண்ணு சொல்லிச்சுங்க. அதான் வந்தேன். நீங்க அண்ணேன்னு கூப்புட்டப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கூச்சத்துல கூப்புடுறாங்கன்னு நெனைச்சுக்கினேன்."

பூமாலை எழுந்து, செருப்பைக் கூடப் போடாமல் சுடுமணலில் நடந்து, ஒரு படகின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

கோபம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மூன்று மணி நேரமாக அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. சம்பந்தியாகப் பிடித்திருந்தது. இப்போது அந்தப் பிடித்ததைத் தூக்கி எங்கே வைப்பது? அவர் பேச்சையும் கொட்டை பொறுக்கிய விதத்தையும் அவள் எடை போட்டது ரஞ்சித்துக்காக. தனக்காக எதையும் எடை போட்டுப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தாள். கணக்கு அகப்படவில்லை.

ஆர்த்தி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் கேட்டிருந்தா நீ வேணாம்னுதானே சொல்லியிருப்ப?"

"சொல்லியிருப்பேன். அத சொல்றதுக்காவது என்னைக் கேட்டிருக்கணும். உனக்கு மாப்புள பாக்கும்போது நான் உன்னைக் கேக்கலயா?"

ஆர்த்தி அம்மாவின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "ரஞ்சித்துக்கும் தெரியுமா?" என்று பூமாலை கேட்டாள்.

"தெரியும்."

"அவன் என்ன சொன்னான்?"

"அம்மாவுக்குப் பிடிச்சா சரின்னான்."

அதைக் கேட்டதும் ஏன் அழுகை வந்தது என்றும் விளங்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அப்பாதுரை பாயை மடித்து வைத்துவிட்டு, காலிச் சாக்கோடு நின்றிருந்தார்.

"நான் பஸ்ஸப் புடிச்சுப் போயிர்றேங்க. உங்க குடும்பத்து நாளை வீணாக்கிட்டேன்."

"பாதிப் பழம் அப்படியே கெடக்குது. சாப்புட்டுட்டுப் போலாம், உக்காருங்க" என்றாள் பூமாலை. இந்த முறை அண்ணே என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவும் வரவில்லை.

ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியாததால், இந்த வருஷம் பலா இனிப்பு அதிகம் என்பதையே ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். திண்டிவனத்தில் அவரை இறக்கிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது.

அதன் பிறகு ஒன்றரை மாதம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆர்த்தியும் எடுக்கவில்லை. பள்ளி திறந்து சில வாரத்தில் தண்ணீர் டேங்கு மோட்டார் புகைந்து நின்றது. மெக்கானிக் யாரையாவது பிடிக்கச் சொன்னார் தலைமை ஆசிரியர். பூமாலை மகளிடம் நம்பர் வாங்கி, திண்டிவனத்துக்குப் போன் போட்டாள்.

"விழுப்புரத்துலயே காயில் கட்டுறவங்க நெறைய பேரு இருக்காங்களேங்க" என்றார் அப்பாதுரை.

"தெரியும்" என்றாள் பூமாலை. சொன்ன பிறகுதான், தெரிந்தும் ஏன் கூப்பிட்டோம் என்று திகைத்தாள்.

அவர் காலை ரயிலில் வந்தார். மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போய், மூன்றாம் நாள் கொண்டுவந்து மாட்டினார். பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். உப்பு குறைவு என்று நேராகச் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ருசி பார்த்தபோது குறைவாகத்தான் இருந்தது. பிறகு ஆடியில் நாவல்பழம் வந்தபோது போனில் பேசினார்கள், ஐப்பசி மழையில் பேசினார்கள். எந்தப் பேச்சில் அது முடிவானது என்று தையல்நாயகி கேட்டபோது பூமாலைக்குச் சொல்லத் தெரியவில்லை. ரஞ்சித்தை உட்கார வைத்து, "உங்கப்பாவ மறந்துட்டேன்னு நெனைக்காத" என்று மட்டும் சொன்னாள். அவன், "நீ மறந்தாலும் நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று விழித்தான்.

தை மாதம் மயிலம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இருபது பேர் இருந்தார்கள். வேலை நாட்களில் அவள் விழுப்புரத்தில் இருக்கிறாள், அவர் கடையைச் சாத்திவிட்டு ரயிலேறி வருகிறார். சனி ஞாயிறு அவள் திண்டிவனம் போகிறாள்.

சென்ற மாதம் ரேஷன் அட்டையில் அவர் பெயரைச் சேர்க்க இ-சேவை மையத்துக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் தலை நிமிராமல், "கணவர் பேரு?" என்று கேட்டாள்.

"மாரியப்பன்" என்றாள் பூமாலை. அந்தப் பெண் தட்டத் தொடங்கினாள். "இல்ல, அப்பாதுரைன்னு போடுங்க" என்றாள். மாரியப்பனைத் தன் வாயாலேயே அழித்த மாதிரி இருந்தது. "கொஞ்சம் இருங்கம்மா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.