ஓட்டி எடுத்துப் போன பிடிமண்

தாத்தாவைப் பெற்றவர் பூட்டன். பூட்டனைப் பெற்றவள் ஓட்டி. அதற்கு மேலே கூப்பிட எங்கள் பக்கம் வார்த்தை கிடையாது. தலை நரைக்கிற வரைக்கும் என் ஓட்டியைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க வைத்தது என் மகளின் கல்யாணப் பேச்சு.

மாப்பிள்ளை தேவாரத்துப் பக்கம், மலையடிவாரத்துக் கிராமம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் வேலை. அதே கடையில்தான் என் மகளும் இருந்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீடும் சரியென்று, போடியில் எங்கள் வீட்டில் வைத்து அவளுக்குப் பூவும் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கணீரென்ற குரல்காரர். வாசலில் நுழையும்போதே "என்ன சம்பந்தி, ஜீப்பக் கழுவி வச்சிருக்கீக, எனக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் என் அண்ணன் வாயைத் திறந்தார். நல்ல எண்ணத்தில்தான் திறந்தார்.

"அசலா நீங்க? எங்க மலைக் கருப்புக்குப் பிடிமண்ணே உங்க ஊர்க் கோயில்ல இருந்து போனதுதான. அந்தக் காலத்துல எங்க ஓட்டி கொண்டு போனதாச் சொல்வாக."

ஊரை விட்டுப் பிழைக்கப் போகிறவர்கள், குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய், போன இடத்தில் கல்லை நட்டுக் கும்பிடுவார்கள். அதுதான் பிடிமண். அதை எடுக்கிற பாத்தியம் அந்தச் சாமியின் பங்காளிகளுக்கு மட்டும்தான். ஒரே மண் என்றால் ஒரே வம்சம். ஒரே வம்சம் என்றால் அவர் மகனும் என் மகளும் அண்ணன் தங்கை முறை.

சம்பந்தியின் கை இலையிலேயே நின்றது.

"என்ன சொன்னீக? திருப்பிச் சொல்லுங்க."

அண்ணன் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை குரல் பாதியாகியிருந்தது. கருப்பு இல்லாத ஊர் ஏது? பெண் பார்க்க வந்தபோது "மலையில இருக்கிற கருப்பு" என்று நான் சொன்னதும், அது வேறு கருப்பு என்று அவர் விட்டுவிட்டார். இப்போது பாயசத்தைத் தொடாமல் எழுந்து கை கழுவினார். போகும்போது என் தோளைத் தொட்டு, "வர்றோம் பங்காளி" என்றார். அவர் திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் மனைவி அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மகள் அழவில்லை. தலையில் வைத்த பூவோடு என் எதிரே வந்து நின்றாள்.

"அந்த ஓட்டி பேரு என்னப்பா?"

"தெரியலத்தா."

"எந்த ஊர்ல வாக்கப்பட்டா?"

"அதுவும் தெரியல."

"ஜீப்புல ஏறுறவுக கதையெல்லாம் ஊரு பேரோட சொல்வீக. நம்ம வீட்டுக் கதை மட்டும் தெரியாதாக்கும்."

என் பிழைப்பு ஜீப்பு. விடியலில் போடியில் ஆட்களை ஏற்றி, மலை மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். மகள் அப்படிக் கேட்ட நாளிலிருந்து தினமும் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு ஓட்டியைத் தேடுவதே என் சோலியானது. ஜீப்பில் வரும் பெண்களுக்குச் செய்தி அன்றே போய்விட்டது. "அண்ணே, கொழம்பு கொதிக்கிறது தெரியுது, என்ன கொழம்புன்னுதான் தெரியல, மூடியத் தெறந்து பாத்துருங்க" என்றாள் ஒருத்தி. அவளே, மாப்பிள்ளை வீட்டார் கம்பம் பக்கம் வேறு பெண் விசாரிப்பதாகக் காதில் விழுந்ததையும் சொன்னாள். வளைவில் எனக்குக் கியர் மாறவில்லை.

ஓட்டி வேலை பார்த்த தோட்டம் எதுவென்று மட்டும் தெரியும். அங்கே இருந்த மலையாளி எழுத்தர் கையை விரித்தார். "சேட்டா, பழசொக்கெ செதல் தின்னு. பாக்கியுள்ளது நோக்கிக்கோ." கரையான் தின்று மிச்சமிருந்ததைத் தூசி தட்டித் தட்டிப் பார்த்தேன். ஆள் பதிவில் அவள் இருந்தாள். பெயரை எண்ணெய்க் கறை தின்றிருந்தது. கூட ஓர் ஆண் குழந்தை என்றிருந்தது. குழந்தையின் பெயர் எங்கள் பூட்டன் பெயர்; அதை வைத்துத்தான் அவளைக் கண்டுகொண்டேன். புருஷன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஊர் மட்டும் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளையின் ஊர்.

அந்த ஊர் வேறாக இருக்க வேண்டும் என்றுதான் நான் மலை மலையாக அலைந்தேன். இப்போது என் கையாலேயே முடிச்சை இறுக்கிவிட்டேன்.

அவள் வழி வந்தவர்கள் பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். அடிவாரத்துக் கோயில் பக்கம் நம் ஆட்கள் போகவே கூடாது என்று ஓட்டி பூட்டனிடம் சத்தியம் வாங்கியதாக ஒரு வீட்டில் சொன்னார்கள். மண்ணைப் பற்றிக் கேட்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள் என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். எங்கள் மலைக் கோயில் வழக்கத்தைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். வருஷக் கும்பிடு அன்று வீட்டுப் பெண் ஒருத்தி மடியில் கொஞ்சம் மண் கட்டிக்கொண்டு வந்து கல்லடியில் போடுவாள். போட்டு முடிக்கும்வரை ஆம்பளைகள் திரும்பி நிற்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நானும் அப்படித் திரும்பி நின்றவன்தான்.

கடைசி முயற்சியாக மாப்பிள்ளையின் அப்பாவிடமே போனேன். பங்காளிக் குடும்பங்கள் கோயிலுக்குக் கொடுக்கிற தலைக்கட்டு வரிப் பதிவை அவரே எடுத்துக் காட்டினார். எங்கள் வகையறா அதில் எங்குமே இல்லை.

"பாருங்க, நாங்க பங்காளியா இருந்தா இதுல இருக்கணும்ல?" என்றேன்.

"மலைக்குப் போயி வரி குடுக்காதவன் பேர எழுதவா செய்வாக? தோட்டத்துல எங்க ஊருன்னு எழுதியிருக்குன்னு நீங்கதான சொன்னீக." அவர் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உங்க மக எங்க வீட்டுக்கு வந்தா வீடு கலகலன்னு இருக்கும்னு நெனச்சேன். ஆனா அண்ணன் தங்கச்சிய மணவறையில ஒக்கார வச்சிட்டு எந்த மூஞ்சியோட இந்தச் சாமி முன்னால நிப்பேன்? பங்குனிக் கும்பிட்டுக்கு வாங்க. எங்க வரிசையில உங்க பொங்கப் பானையும் வைப்போம். பங்காளியாச் சேந்துக்குவோம். அத்தோட இந்தப் பேச்சு முடிஞ்சது."

அந்த வரிசையில் பானை ஏறினால் சாமி சாட்சியாக அண்ணன் தங்கைதான். பிறகு எவராலும் மாற்ற முடியாது. என் அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான். தாய்க் கோயிலில் இடம் கிடைக்கிறது அல்லவா. "பொண்ணுக்கு வேற மாப்ள கெடைப்பான்டா, சாமி கெடைக்குமா?" என்றார். மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பானைய நானே தூக்கிட்டு வர்றேன் பெரியப்பா" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கும்பிடு அன்று காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கோயில் முன்னால் பங்காளிகளின் அடுப்புகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கென்று மூன்று கல் வைத்து இடம் விட்டிருந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டி, புளியமரத்தடியில் இன்னொரு வரிசை. அது அந்த ஊரில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களுடையது. மாப்பிள்ளைப் பையன் விறகுக் குவியல் பக்கத்தில் தலையைத் தூக்காமல் நின்றான். என் மகளும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பானையை இடுப்பில் வைத்திருந்தாள். என் மனைவி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிள்ளை கூட்டத்தில் தொலைந்துபோகும் என்பதுபோல.

"வெரசா வையித்தா, நேரமாகுது" என்றார் அண்ணன்.

அவள் குனிந்தாள். பானை கல்லைத் தொட ஒரு சாண்தான் இருந்தது. அப்போது கொட்டுச் சத்தம் நின்றது. பூசாரி சாமிக்கு முதுகு காட்டித் திரும்பி, மலையைப் பார்த்து நின்றார். அங்கே இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் அதேபோலத் திரும்பினார்கள். நானும் பழக்கத்தில் திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகுதான், எங்கள் மலைக் கோயிலிலும் இப்படித்தானே நிற்போம் என்று எனக்கு உறைத்தது.

மகள் பானையோடு நிமிர்ந்தாள். "பூசாரி ஐயா, எதுக்குத் திரும்பி நிக்கிறீக?"

"அது வழக்கம்த்தா. நீ பானைய வையி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எங்க கோயில்லயும் இப்பிடித்தான் நிப்பாக. எதுக்குன்னு சொல்லுங்க, பெறகு வைக்கிறேன்."

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஐயா காலத்துக்கும் முந்தி, இந்த ஊர்ப் பொறந்த பொண்ணு ஒண்ணு தாலியறுத்து, கைப்பிள்ளையோட திரும்பி வந்துச்சாம். மலைக்குப் பொழைக்கப் போறேன், பிடிமண் குடுங்கன்னு நின்னுச்சாம். பொம்பளைக்குக் குடுக்கிற வழக்கம் இல்ல. இல்லேன்னு சொல்லவும் பூசாரிக்கு மனசில்ல. திரும்பி நின்னுக்கிட்டாராம். அது மடியில அள்ளிட்டுப் போயிருச்சு. அன்னையிலிருந்து ஒரு நிமிசம் இப்பிடி நிப்போம்."

"எங்க வீட்டுல மடியிலதான் மண் கொண்டாருவோம்" என்றாள் மகள். "ஆம்பளைக பாக்கக் கூடாது."

புருஷன் பெயருக்கான அந்த வெற்றிடம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. விதவை. அதனால் பிறந்த ஊரை எழுதியிருக்கிறார்கள். அவள் எடுத்துப் போனது பிறந்த வீட்டுச் சாமியின் மண். பாத்தியமில்லாமல் அள்ளியதால்தான் அந்தக் கோயில் பக்கம் போகக் கூடாதென்ற சத்தியமும். எங்கள் பூட்டன் வேறு வம்சத்துப் பிள்ளை.

பூசாரி மெதுவாகச் சொன்னார்: "அப்பிடின்னா நீங்க பங்காளி இல்லப்பா. எங்க பொறந்த பொண்ணு வயித்து வழி. மாமன் மச்சான் முறை. ஆனா ஒண்ணு, இது உங்க குலசாமி இல்ல."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "இத்தன தலைமுறையாக் கும்பிட்டது எங்க சாமி இல்லையா? அப்ப எங்க சாமி எது?"

அது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா கோயிலையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொல்ல முடியாது. மூத்தவுக நீங்க. பானை எங்கன்னு நீங்க சொல்லுங்க."

அண்ணன் நின்றார். அவர் கல்லைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பானையை வெடுக்கென்று வாங்கினார். எல்லைக் கல்லைத் தாண்டிப் போய், புளியமரத்தடியில் இறக்கினார். இறக்கிவிட்டு அங்கேயே, கோபம் மாறாமல், "கல்லு இருக்கு. வெறகு யாரு குடுப்பா?" என்று கத்தினார்.

"பொறந்த பொண்ணு பானைக்கு வெறகு நாங்கதான் குடுக்கணும். வழக்கம் தெரியாம வளந்திருக்கீகளே மச்சான்" என்று இங்கிருந்தே கத்தினார் மாப்பிள்ளையின் அப்பா.

விறகுக் குவியலில் நின்ற பையன் அதற்குள் ஒரு கட்டு விறகைத் தூக்கித் தோளில் வைத்திருந்தான்.