தீனியம்மாவின் தேன் தட்டுகள்

எங்கள் ஆய்வகத்தில் அவளைத் தீனியம்மா என்றுதான் கூப்பிடுவோம். புற்றுநோய்ச் செல்களைச் சின்னத் தட்டுகளில் உயிரோடு வைத்திருப்பது அவள் வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். மறந்தால் ஒரு மாத உழைப்பு பாழ். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மறந்ததில்லை. ஊற்றுமுன் தட்டில் ஒட்டிய சீட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பாள். பக்கத்து மேசைக்காரனான எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

போன வருஷம் தேன் வந்து சேர்ந்தது. பூக்களிலிருந்து தேனுக்கு வரும் சில பொருள்கள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. சில தட்டுகளுக்குத் தேன் கரைசல். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில தட்டுகளுக்கு அதே அளவு சர்க்கரை மட்டும் கரைத்த தண்ணீர். தேன் ஊற்றிய முதல் தட்டில் செல்கள் செத்து மிதந்த அன்று, தீனியம்மா சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். மூன்று முடிந்திருந்தது. அம்மா போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். "என் தங்கச்சி மருந்து கண்டுபிடிக்கிறா" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். இவளும் ஒரு நாளும் மறுக்கவில்லை. அப்படிச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

நாலாவது தடவைக்கு அக்கா போகவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தீனியம்மா என் காரில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுப்பா" என்றாள்.

அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு சமையலறையில் தேன் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடி. மூணு வேளையும் இதான். வாந்தியே இல்ல பாரு."

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புக்கா."

"எதுக்கு? அங்க ஏத்துறது கொடலப் புடுங்குது. என் தங்கச்சி மருந்து அமிர்தமா எறங்குது. நீதானே சொன்ன, எல்லாம் செத்துப்போச்சுன்னு?"

"சர்க்கரைத் தண்ணி ஊத்தின தட்டுலயும் பாதி செத்துச்சுக்கா. அத உங்கிட்ட சொல்லல."

"மீதிப் பாதிய தேன்தானே கொன்னுச்சு?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷி எங்கள் இயக்குநரையே மடக்கிவிடுவாள்.

"தட்டுல நேரா செல் மேலயே ஊத்துறோம். நீ குடிச்சா அதுல எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேரும்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க ஒரு மனுஷருக்குக்கூடக் குடுத்துப் பாக்கலக்கா."

"நீ கண்டுபிடிச்சா சரியாத்தான் இருக்கும்."

தீனியம்மா அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் எதையும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிக்கிறவங்க வேற. நான் சீட்டப் படிச்சு, அளந்து ஊத்துறவ. அவ்வளவுதான். நீ பெருமையா சொன்னப்பல்லாம் வாய மூடிட்டு இருந்தேன். என் தப்புக்கு நீ செத்துராதக்கா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவள் ஒரு வாரம் வராவிட்டால் எங்கள் மேதைகள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அக்கா தேன் பாட்டிலை மூடினாள். மூடியை வெகுநேரம் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அங்க மருந்து ஏத்துற நர்ஸ் பொண்ணு இருக்காளே, அவளும் கண்டுபிடிக்கிறவ இல்லதானே?"

"இல்லக்கா."

"ஒவ்வொரு தடவையும் ஏத்துறதுக்கு முன்னாடி என் பேர ரெண்டு தடவ கேப்பா. அதான் தெரியுமே, இன்னும் என்னடி பேருன்னு எரிஞ்சு விழுந்திருக்கேன்."

"நானும் ரெண்டு தடவ படிப்பேன்க்கா."

அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "உன்ன மாதிரிதான்னு சொல்லு." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "அப்ப அவ கையால ஏத்திக்கலாம். கெளம்பு."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தடவை கேட்டதுமே, அக்கா தன் பேரைத் தானே இரண்டு தடவை சொன்னாள்.